இரவல் களிம்பும் நம் முகமும்

தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் அறைக்குள் முகத்தில் குறையோடு வருவோரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “முகத்திற்கு என்ன பூசுகிறீர்கள்?” பெரும்பாலோர் சொல்லும் விடையும் ஒன்றுதான்: “ஒன்றும் பூசுவதில்லை, டாக்டர். சாதாரண க்ரீம்தான்.”

சென்ற ஆவணி மாதத்தில் தன் தாயுடன் வந்த இளம்பெண்ணும் அவ்வாறே சொன்னார். கன்னங்கள் இரண்டும் சிவந்திருந்தன. மெல்லிய நூல்கள் போல இரத்த நாளங்கள் தோலுக்கு வெளியே தெரிந்தன. தாடையோரத்தில் ஒரே அளவிலான சிறு பருக்கள். மேலுதட்டின் மீது முன்பு இல்லாத முடி. வெயிலில் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிகிறது என்றார். ஐப்பசியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. “அந்தச் சாதாரண க்ரீமைக் காட்டுங்களம்மா” என்றதும், தாய் தம் கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைசித் துளி வரைக்கும் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கப்பட்ட ட்யூப். அதன்மேல் எழுதியிருந்த மருந்தின் பெயர் குளோபீட்டசால். தோல் மருத்துவத்தில் நம்மிடம் உள்ள ஸ்டீராய்டு களிம்புகளிலேயே மிகவும் வீரியமானவற்றுள் ஒன்று.

“இது யாருக்காக எழுதிக் கொடுத்தது?”

“எங்க தங்கச்சிக்கு முழங்கையில கரப்பான் இருந்துச்சுங்க. இதைப் போட்டதும் பத்தே நாள்ல பளிச்சுன்னு ஆயிடுச்சு. பொண்ணு முகத்துல கொஞ்சம் மங்கு இருந்துச்சு, சரி இதையே போட்டுப் பாப்போம்னு…”

பழைய மருந்துச் சீட்டையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் கடையில் மீண்டும் மீண்டும் வாங்கியிருக்கிறார்கள். சீட்டை விரித்துப் பார்த்தேன். மருந்தின் பெயருக்கு எதிரே “இருவேளை பூசவும்” என்று மட்டும் எழுதியிருந்தது. எத்தனை நாள் என்று இல்லை. முகத்தில் பூசக் கூடாது என்று இல்லை. அந்தக் கையெழுத்து என்னுடையது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தச் சீட்டுத்தான். முகப்பொலிவுக்கு ஆலோசனை சொல்லும் பக்கங்களுக்கு இன்று குறைவில்லை. அவற்றுள் பெரும்பாலானவை இன்னும் எதைப் பூசலாம் என்றே சொல்கின்றன. என் கருத்து அதற்கு மாறானது. நம் ஊரில் முகத்தின் தோலுக்கு நேரும் கேடுகளில் பெரும்பகுதி, பூசாமல் விட்டதால் வருவதன்று; பிறருக்கு எழுதிய மருந்தை இரவல் வாங்கிப் பூசியதால் வருவது. இதில் குடும்பத்தாருக்கும் கடைக்காரருக்கும் பங்குண்டு. எம் போன்ற மருத்துவர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

முகம் முழங்கை அன்று

ஒரே உடலின் தோல்தானே, கைக்கு நல்லது முகத்திற்கு ஆகாதா என்று பலர் கேட்கின்றனர். ஆகாது. 1967-ஆம் ஆண்டிலேயே ஃபெல்ட்மன், மைபாக் என்னும் இரு ஆய்வாளர்கள் ஒரு ஸ்டீராய்டு மருந்தை உடலின் வெவ்வேறு இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே செல்கிறது என அளந்தனர். முன்னங்கையில் உறிஞ்சப்படும் அளவோடு ஒப்பிட்டால் நெற்றியில் ஏறத்தாழ 6 மடங்கும், தாடையோரத்தில் ஏறத்தாழ 13 மடங்கும் உறிஞ்சப்பட்டது. இமைத்தோல் இன்னும் மெல்லியது. ஆகவே முழங்கையின் தடித்த கரப்பானுக்கு அளவாக இருந்த மருந்து, கன்னத்திற்குப் பன்மடங்கு மிகையாகிறது.

ஸ்டீராய்டு களிம்பு முதல் வாரத்தில் செய்வது மாயம் போலவே இருக்கும். இரத்த நாளங்களைச் சுருக்குவதால் முகம் வெளுத்துத் தெரியும். அழற்சியை அடக்குவதால் சிவப்பும் அரிப்பும் மறையும். நிறமி உண்டாவதைக் குறைப்பதால் மங்கு மங்கும். பூசுபவர் மகிழ்கிறார், அக்கம்பக்கத்தார் என்ன போடுகிறாய் என்று கேட்கின்றனர், ட்யூப் அடுத்த வீட்டிற்கும் செல்கிறது.

வாரங்கள் மாதங்களாகும்போது மறுபக்கம் தெரிகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் குறைந்து, தோல் மெலிகிறது. உள்ளே மறைந்திருந்த நாளங்கள் வெளியே தெரிகின்றன. பருக்கள் கூட்டமாக எழுகின்றன. வேண்டாத இடங்களில் முடி வளர்கிறது. வெயில் தாங்குவதில்லை. கண்ணருகில் நெடுநாள் பூசினால் கண்புரையும் கண்நீர் அழுத்தமும் வரக்கூடும்.

இவற்றைக் காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. களிம்பை நிறுத்தினால் சில நாட்களில் முகம் முன்பிருந்ததைவிட அதிகமாகச் சிவந்து எரிகிறது. மீண்டும் பூசினால் உடனே அடங்குகிறது. “இதை விட்டதால்தான் இப்படி ஆனது, இதுதான் எனக்குப் பொருந்தும் மருந்து” என்று பூசுபவர் முடிவு செய்கிறார். தான் செய்த கேட்டையே தனக்குச் சான்றாகக் காட்டும் மருந்து இது. அறிவுக் குறைவால் மக்கள் இதில் சிக்குவதில்லை. கண்ணால் கண்டதை நம்புவதால்தான் சிக்குகின்றனர். ஆகவே இப்படி வருவோரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இந்நிலைக்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று தனிப்பெயரே இட்டுள்ளனர். 2011-இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் குறைகளோடு வந்த 2926 நோயாளிகளைக் கேட்டறிந்தபோது, அவர்களுள் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. ஏழு பேரில் ஒருவர் எனலாம். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை ‘எச்’ பட்டியலில் சேர்த்து, மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என ஆணையிட்டது. நல்ல சட்டம். ஆனால் ஒரே சீட்டு ஆண்டுக்கணக்கில் வீட்டு அலமாரியில் இருந்துகொண்டே மருந்து வாங்கித் தருமானால், சட்டம் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஒன்றை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு நம் பகை அன்று. கரப்பான், காளாஞ்சகப்படை, லூபஸ், கொப்புள நோய்கள் எனப் பலவற்றில் அது இல்லாமல் மருத்துவமே இல்லை. சில நேரங்களில் முகத்திற்கும், மிதமான வகையை, சில நாட்களுக்கு, நாங்களே எழுதுகிறோம். உங்களுக்கென மருத்துவர் எழுதிய களிம்பையோ, உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரையையோ இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஐயம் இருந்தால் எழுதியவரிடமே கேளுங்கள்.

மூவகை மருந்து ஒரே ட்யூபில்

மங்குக்கென விற்கப்படும் சில களிம்புகளில் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். 1975-இல் கிளிக்மேன், வில்லிஸ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கலவையின் வழிவந்தவை இவை. மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் பயன்படுத்தினால் நற்பயன் தருவன. ஆனால் இவை பல வீடுகளில் அன்றாட முகப்பூச்சாக, பவுடருக்கு அடியில் இடும் க்ரீமாக, ஆண்டுக்கணக்கில் பயன்பட்டு வருகின்றன. அதனால் ஸ்டீராய்டின் கேடுகளோடு, ஹைட்ரோகுயினோனால் கன்னத்தில் நீலக்கருமை படிந்து எளிதில் நீங்காமல் நிலைத்துவிடுவதும் உண்டு. கருமையைப் போக்கப் பூசியதே கருமையாகி நிற்கிறது. கருவுற்றிருப்போரும் கருத்தரிக்க எண்ணுவோரும் ட்ரெட்டினாயின் கலந்தவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை ட்யூபைக் கைமாற்றித் தரும் தோழி அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்னொரு வகை இதனினும் அஞ்சத்தக்கது. உட்பொருள் பட்டியல் இல்லாமலும், தயாரித்தவர் முகவரி இல்லாமலும், வெளிநாட்டுச் சரக்கு என்ற பெயரோடும் வரும் சில வெளுப்புக் க்ரீம்களில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோலின் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே, சவ்வுச் சிறுநீரக நோய் கண்ட 22 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் 15 பேருக்கு அரிதான ஒருவகை நோய் இருப்பதையும், அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் க்ரீம் பூசிவந்ததையும் கண்டு வெளியிட்டனர். மினமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப்பொருள்களை 2020-க்குள் ஒழிக்க வேண்டும் என உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆயினும் அத்தகைய டப்பாக்கள் இன்றும் கைமாறுகின்றன. வெளுப்புக் க்ரீம் பூசுபவருக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் மிகையான நுரையோ தோன்றினால், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டும். முகத்திற்குப் போட்டதைச் சிறுநீரக மருத்துவரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

அழுக்கல்லாத கருமை

முகத்தைப் பற்றி நாம் கொண்டுள்ள தவறான எண்ணங்களில் முதன்மையானது, கருமை என்பது தேய்த்துப் போக்க வேண்டிய அழுக்கு என்பது. பின்கழுத்திலும் நெற்றியோரத்திலும் கன்ன எலும்பின் மீதும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுத்திருப்பதைக் காட்டி, “நன்றாகத் தேய்த்துக் குளிப்பதே இல்லை” எனத் தம் பிள்ளைகளைத் தாய்மார் கடிவதை நாள்தோறும் காண்கிறேன். அது பல நேரங்களில் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி. நாரும் கல்லும் கொண்டு தேய்த்தால் கருமை கூடுமேயன்றிக் குறையாது. அங்கே வேண்டியது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும், எடைக்குறைப்பும், உணவு ஒழுங்கும். தோல் தந்த எச்சரிக்கையைக் க்ரீம் போட்டு மறைத்துவிட்டு, பத்தாண்டுகள் கழித்து நீரிழிவோடு வருவது எவ்வளவு பெரிய இழப்பு!

அவ்வாறே, மூக்கின் மீதும் இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி விரித்தாற்போலச் சிவப்புப் படர்ந்து, மூட்டு வலியும் சோர்வும் உடன் இருந்தால் அது லூபஸ் நோயாக இருக்கலாம். வட்டமாகப் படர்ந்து அரிப்பது படர்தாமரையாக இருக்கலாம். அதன்மேல் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உருமாறிப் பரவும். வெளிறிய திட்டில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா எனப் பார்த்தாக வேண்டும். அதற்குரிய கூட்டு மருந்து அரசால் இலவசமாகத் தரப்படுகிறது, உரிய காலத்தில் தொடங்கினால் முழுமையாகக் குணமாகும். குழந்தையின் கன்னத்தில் தெரியும் வெளிர் திட்டைக் கண்டதும் ‘வயிற்றில் பூச்சி’ என்று சொல்வது நம் வழக்கம். பெரும்பாலும் அது தோல் வறட்சியோடு கூடிய மெல்லிய கரப்பான். ஈரப்பதம் காக்கும் பூச்சிலேயே நாளடைவில் மறையும்.

இவை அனைத்தும் முகத்தில் ‘கறை’ போலவே தெரியும். ஒரே க்ரீம் எல்லாவற்றிற்கும் எவ்வாறு மருந்தாகும்?

முகம் கேட்பது மூன்றே

அப்படியானால் முகத்திற்கு என்னதான் செய்வது என நீங்கள் கேட்பது நியாயம். நோயற்ற முகத்திற்கு மூன்று போதும்.

முதலாவது, மென்மையாகக் கழுவுதல். நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை உடையது. குளியல் சோப்புகளில் பல காரத்தன்மை மிக்கவை. அடிக்கடி தேய்த்தால் தோலின் காப்பு எண்ணெய் கரைந்து, வறட்சியும் எரிச்சலும் வரும். காலை ஒருமுறை, இரவு ஒருமுறை, மிகுதியாக வியர்த்தபின் ஒருமுறை, வெந்நீரல்லாத நீரில், விரல் நுனிகளால் கழுவினால் போதும். பருவுள்ளவர்கள் நாளுக்கு ஏழெட்டு முறை கழுவுவதால் பரு குறைவதில்லை. துடைக்கும்போது துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இரண்டாவது, ஈரப்பதம் காத்தல். முகம் முற்றும் உலர்வதற்கு முன்பே மாய்ஸ்சரைசர் பூசினால் நீர் உள்ளேயே தங்கும். எண்ணெய்ப்பசை மிக்க முகத்தினர் ஜெல் வடிவத்தையும், வறண்ட முகத்தினர் க்ரீம் வடிவத்தையும் கொள்ளலாம். நறுமணம் குறைந்தது, உட்பொருள் சிலவே கொண்டது, மலிவானது. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் நல்ல தேர்வாகவே இருக்கும். விலைக்கும் நன்மைக்கும் நேரான தொடர்பு இல்லை.

மூன்றாவது, வெயில் காப்பு. மங்கு, கரும்புள்ளி, முதுமைச் சுருக்கம் மூன்றிற்கும் வெயிலே பெரும் ஊட்டம். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை, சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்குப் பிதுக்கி, முகத்திற்கும் கழுத்திற்கும் பூச வேண்டும். நாள் முழுதும் வெளியில் இருப்போர் இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கேடு செய்வதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும். வாங்க இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. குடையும், தலைமேல் இட்ட முந்தானையும், அகன்ற தொப்பியும், 10 மணி முதல் 4 மணி வரை நிழல் தேடி நடப்பதும் காசு கேட்காத வெயில் காப்புகள். களை பறிக்கும் தாய் தலையில் சுற்றிக்கொள்ளும் துண்டை நான் எந்தச் சன்ஸ்கிரீனுக்கும் குறைவாக மதிப்பதில்லை.

புதிதாக எதை வாங்கினாலும் முகத்தில் இடுமுன், முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவக்கவோ அரிக்கவோ செய்தால் அது உங்களுக்கு உரியதன்று. அழகு நிலையத்திற்குச் செல்வோர், ‘ப்ளீச்’ போட்டவுடன் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழுவிவிடச் சொல்ல வேண்டும். எரிவது வேலை செய்வதன் அடையாளமன்று.

வீட்டுப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் சென்றால் தோல் புண்பட்டுக் கறுக்கும். பருவின் மேல் பற்பசை வைப்பது எரிச்சலையே தரும். நெற்றிவரை வழியும் தலை எண்ணெய் நெற்றிப் பருக்களை வளர்க்கும். ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்கு அவ்விடத்தில் வெண்புள்ளியை உண்டாக்கும். சாயம் கலந்த குங்குமம் சிலருக்குக் கருந்திட்டை உண்டாக்கும். அரிப்போ நிறமாற்றமோ தொடங்கியதும் அவற்றை நிறுத்துவதே முதல் மருந்து. மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் உள்ள பருக்களைக் கிள்ளாதீர்கள். தழும்பு நிலைத்துவிடும், அரிதாகத் தொற்று உள்ளே பரவவும் கூடும்.

பருவுக்கும் மங்குக்கும் மருத்துவர் தரும் சிகிச்சையின் பயன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ நான்கு வாரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ‘7 நாளில் பளபளப்பு’ என்று சொல்லும் எதையும் ஐயத்தோடு நோக்குங்கள்.

நோயாளியைப் பேணுவோருக்கு

இம்மடலைப் படிப்போருள் பலர் பிறரைப் பேணுபவர்கள். புற்றுநோய்க்கான சில இலக்கு மருந்துகள் முகத்தில் பருவைப் போன்ற தடிப்புகளை உண்டாக்கும். அது பரு அன்று. கடையில் விற்கும் பரு க்ரீம்கள் தோலை மேலும் உலர்த்தித் துன்புறுத்தும். சிகிச்சைக் குழுவிடம் உடனே சொல்லுங்கள். அதற்குத் தனி மருந்துண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவரின் முகம் உருண்டு பருக்கள் தோன்றலாம். அதற்கு அஞ்சி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே தீங்கு நேரலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோரின் வறண்ட தோலுக்கு நாள்தோறும் ஈரப்பதப் பூச்சு ஒரு பெரிய ஆறுதல். டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகளை உண்போர் வெயிலில் எளிதில் கருகுவர். முதியவர் முகத்தில் ஒரு மாதத்திற்கு மேலும் ஆறாத புண் இருந்தாலோ, மச்சம் ஒன்று வளர்ந்து நிறம் மாறினாலோ, ‘வயதானால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

நாம் வாங்க மறுக்க வேண்டியது

‘ஃபேர் அண்ட் லவ்லி’ என 1975 முதல் விற்கப்பட்ட க்ரீம், 2020-இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. சொல் டப்பாவிலிருந்து போயிற்று. நம் பேச்சிலிருந்து போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்று சொல்லிச் செல்லும் ஒரு சொல், இரவு எட்டு மணிக்கு ஒரு தாயை மருந்துக்கடைக்கு அனுப்புகிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் ‘உன் அண்ணனைவிட நீ கறுப்பு’ என விளையாட்டாகச் சொன்னது, பதினாறு வயதில் ஒரு ட்யூபாகி அவன் கையில் வந்து சேர்கிறது. ஆம், பையன்களும் வருகிறார்கள். வெட்கத்தால் பெண்களைவிடத் தாமதமாக வருகிறார்கள்.

நிறம் நோயன்று. நம் தோலின் நிறமி, இந்த வெயில் மண்ணில் நம்மைக் காக்கும் குடை. அதை மருந்தால் கரைப்பது, மழைக்காலத்தில் கூரையைப் பிரிப்பது போன்றது. மங்கை, பருத் தழும்பைக் குணப்படுத்த நான் இருக்கிறேன். பிறவி நிறத்தைக் ‘குணப்படுத்த’ என்னிடம் மருந்தில்லை, இருக்கவும் கூடாது. இதை மருத்துவராகிய நான் சொல்வதைவிட, பாட்டியும் அத்தையும் வீட்டுக்குள் சொன்னால் ஆயிரம் மடங்கு பயன் உண்டு.

“தோல் மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலி போகும், கடையில் ஐம்பது ரூபாய்க்கு வேலை முடியும்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் வேதனையை நான் அறிவேன். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள் என்பதை நினைவூட்டலாம். ஆனால் அது முழு விடையன்று. எங்கள் பக்கமும் ஒழுங்கு வர வேண்டும்.

ஆகவே எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். ஸ்டீராய்டு களிம்பு எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று செய்திகளைத் தமிழில் எழுதுகிறேன்: எந்த இடத்தில், எத்தனை நாள், யாருக்கு மட்டும். நான் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்கள். “டாக்டர், இதை எத்தனை நாளில் நிறுத்த வேண்டும்? முகத்தில் படலாமா? மிச்சத்தை என்ன செய்வது?” இப்படிக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் அவமதிப்பாகக் கொள்ளார். மிச்சமான ட்யூபை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். மருந்தின் பெயர் ‘சோன்’, ‘சோலோன்’, ‘சால்’ என முடிந்தாலோ, ட்யூபின் மேல் ‘ஆர்எக்ஸ்’ குறியோ சிவப்புக் கோடோ இருந்தாலோ, சீட்டில் பெயர் உள்ளவரைத் தவிர வேறொருவர் தொட வேண்டாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருபவராக நீங்கள் இருந்தால், இதைப் படித்த அச்சத்தில் இன்றிரவே ட்யூபை வீசிவிட்டு, நாளை எரிச்சல் தாங்காமல் மீண்டும் வாங்கப் போகாதீர்கள். ட்யூபோடு வாருங்கள். படிப்படியாகக் குறைப்பதா, உடனே நிறுத்தி வேறு மருந்து தருவதா என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்வோம். வெட்கப்பட ஏதுமில்லை.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்க வேண்டுமல்லவா? களிம்பை விட்ட முதல் மூன்று வாரங்கள் மிகக் கடினமாக இருந்தன. இருமுறை அழுதுகொண்டு வந்தார். திருமண நாளில் முகம் முற்றும் தெளிந்திருக்கவில்லை; கன்னத்தில் சிவப்பு மிச்சமிருந்தது. அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது அவருடைய தாய் என்னிடம் ஒன்றும் குறைகூறவில்லை. நான்தான் அந்தப் பழைய சீட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று அது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அடுத்தவருக்குச் சீட்டு எழுதும்போதெல்லாம், “இருவேளை பூசவும்” என்ற வரிக்குப் பின் விட்டுப்போன வெற்றிடம் கண்ணில் படுகிறது. அதை நிரப்பிய பிறகே கையெழுத்திடுகிறேன்.